மூன்றாம் படிவத்துப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு
பகாவ் வட்டாரத் தோட்டத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அப்பா அம்மாக்களே,

ஜெராம் பாடாங், கெடீஸ், சுங்கை செபாலிங், கெல்பின், செயிண்ட் ஹெலியர் என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் நாம் இன்னும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறோம். லயத்தை விட்டு வந்து பகாவ் டவுனிலும் பண்டார் ஸ்ரீ ஜெம்போலிலும் வீடு வாங்கிக் குடியேறியவர்களும் அப்படித்தான் சொல்கிறோம். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். குறிப்பாக, வீட்டில் பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்கு.

கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பார்க்கும்போது நீங்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கம்ப்யூட்டர் வேல நாட்டுல பெருகுதுனு பேப்பர்ல போடுறானே, நம்ம பிள்ளைக்கு அதுல எடம் இருக்கா?" நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற கேள்வி அல்ல இது. அதனால்தான் மடல்.

பெருகுகிறது, உண்மை. இடமும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரிசை மூன்றாம் படிவம் முடியும்போதே தொடங்கிவிடுகிறது. நாமோ ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் முடிவைக் கையில் வாங்கிய பிறகுதான் வரிசை எங்கே என்று தேடுகிறோம். நான் சொல்ல வந்தது இதுதான். இனி வருவதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் பெருக்கம் எவ்வளவு என்று பார்ப்போம். 2023-இல் மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் மின்வணிகமும் சேர்ந்து 23.5 விழுக்காடு. நாட்டில் உண்டாகும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் துறையைத் தொட்டுத்தான் வருகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் டிஜிட்டல் துறைக்கென்று தனி அமைச்சே வந்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் தலைவர் சத்யா நாதெல்லா கோலாலம்பூருக்கு வந்து 2.2 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை அறிவித்தார். அதே மாதக் கடைசியில் கூகுள் 2 பில்லியன் என்றது. ஆகஸ்டில் அமேசான் தன் மேகக்கணினிச் சேவையை இங்கேயே தொடங்கி, 2038 வரைக்கும் 6.2 பில்லியன் போடுவதாகச் சொன்னது. அக்டோபரில் ஆரக்கிள் 6.5 பில்லியனுக்கு மேல். சிங்கப்பூரில் நிலமும் மின்சாரமும் போதாததால் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களை அங்கே நிறுத்தி வைத்தார்கள். அங்கே இடம் தேடிய நிறுவனக் கூட்டம் பாலத்தைத் தாண்டி ஜோகூருக்கு வந்தது. நம் நெகிரி செம்பிலானிலும் போர்ட்டிக்சன் பக்கம் ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தைத் தரவு மையத்துக்காக வாங்குவதாகக் கமுடா நிறுவனம் 2024 கடைசியில் அறிவித்தது.

இந்தப் பில்லியன்கள் எந்த மண்ணில் வந்து இறங்குகின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கூகுளின் தரவு மையத்துக்கு அறிவிக்கப்பட்ட இடம் சிலாங்கூரில் எல்மினா. சைம் டார்பியின் எல்மினா தோட்டம் நம் ஆட்களுக்குத் தெரியாத பெயரா? ஜோகூரில் வைடிஎல் நிறுவனம் கட்டுகிற தரவு மையப் பூங்கா இருப்பது கூலாய் யங் தோட்டத்தில். சுமார் 1,640 ஏக்கர் செம்பனைத் தோட்டம் அது. பூஸ்டட் பிளான்டேஷனிடமிருந்து 428.8 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். நேற்று வரைக்கும் குலை வெட்டிய இடத்தில் இன்று என்விடியா சில்லுகள்.

இது முதல் தடவையும் அல்ல. 1996-இல் மகாதீர் பல்லூடகப் பெருவழியை அறிவித்தபோது அதன் நடுவில் இரண்டு நகரங்கள் எழும்பின, சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும். புத்ராஜெயா இருக்கும் மண் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போர் முடிந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921-இல் காட்டை வெட்டி உண்டாக்கியது. பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் 'பிபி' மரம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நாடு முழுக்க நட்ட பிபி 86 கன்று அந்தத் தோட்டத்து ஆராய்ச்சியில் பிறந்தது. பிபி என்பதே பிராங் பெசார்தான். அந்தத் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டங்களான மெடிங்லி, செஜ்லி, காலவே ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் சுவர் விரிசல் விட்டது. சொந்தத் தரை வீட்டுக்காக அந்தக் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. நாட்டின் தகவல் தொழில்நுட்பக் கனவு முளைத்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில், பக்கத்து சைபர்ஜெயாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் பொறியாளராகப் போனவர்களைவிடப் பாதுகாவலராகவும் துப்புரவாளராகவும் போனவர்களே மிகுதி என்று டெங்கில்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது. பகாவிலும் அப்படி நடக்கக் கூடாது. அந்தக் கவலைதான் என்னை எழுத வைத்தது.

ரப்பர் பெருகியபோது நாம் மங்கு பிடித்தோம். செம்பனை பெருகியபோது குலை வெட்டினோம். 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்தது. பிறகு சிரம்பானிலும் மோட்டோரோலா சில்லு தொழிற்சாலை எழுந்தது. இன்றைக்கு அது ஓன்செமி. நம் அக்காமார்கள் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து பிடித்துப் போய் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உழைத்தார்கள். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ தம்பிமார் படித்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பெருக்கத்திலும் நாம் ஏறி நின்ற படி ஒரே படிதான், கீழ்ப்படி. நான்காவது பெருக்கத்திலாவது அது மாற வேண்டும்.

சரி, தரவு மையத்துக்குள் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம். உள்ளே ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கணினிகள் அடுக்கியிருக்கும். இரவு பகல் ஓடுகிற கணினி கொதிக்கும். அதைத் தணிக்கக் குளிர்நீர்க் குழாய்களும் பெரிய குளிரூட்டிகளும் வேண்டும். மின்சாரம் ஒரு நொடி கூட நிற்கக் கூடாது. டிஎன்பி கம்பியில் கோளாறு வந்தால் முதலில் மின்கலங்கள் தாங்கும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர்கள் எழுந்து சுமையை ஏற்றுக்கொள்ளும். கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கும். கட்டி முடித்து ஓடத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கொஞ்சம் பேர் போதும். அரசியல் மேடையில் "ஆயிரம் ஆயிரம் வேலை" என்று சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அந்தக் கொஞ்சம் பேர் யார்? கணினி மென்பொருள் எழுதுகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இருப்பவர்களில் பலர் மின்சாரமும் குளிரூட்டலும் தெரிந்தவர்கள். சார்ஜ்மேன், குளிரூட்டித் தொழில்நுட்பர், ஜெனரேட்டர் பராமரிப்பாளர், கண்ணாடி இழைக் கம்பி ஒட்டுகிறவர், அலமாரிக் கணினியைக் கழற்றி மாட்டுகிறவர். அப்பாமார்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். நம் வட்டாரச் செம்பனை ஆலையில் கொதிகலன் ஓடுகிறது. நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியில் டர்பைனைச் சுற்றி, ஆலை தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. ஜெனரேட்டர் இருக்கிறது, சுவிட்ச் போர்டு இருக்கிறது. அங்கே மின்பகுதியில் வேலை பார்க்கும் பகாவ்காரர் ஒருவர், நகரத்து அலுவலகத்தில் கணினி தட்டுகிற குமாஸ்தாவைவிடத் தரவு மையத்துக்கு நெருக்கமானவர். இதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

சார்ஜ்மேன் வேலையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். உயர் மின்னழுத்தப் பிரேக்கர் ஒன்றைப் பராமரிக்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் வேலை அனுமதிச் சீட்டு எழுதி எடுப்பார். அந்தப் பாதையில் வரும் மின்சாரத்தை நிறுத்துவார். திரும்ப யாரும் போட்டுவிடாதபடி பூட்டு மாட்டி, தன் பெயர் எழுதிய அட்டையை அதிலேயே தொங்கவிடுவார். பூட்டின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும், வேறு எவரிடமும் போகாது. சோதனைக் கருவியை வைத்து மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்வார். எர்த் கம்பியை மாட்டுவார். அதன் பிறகுதான் கை வைப்பார். வேலை முடிந்ததும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து மின்சாரத்தைத் திருப்பித் தருவார். ஒரு படி தவறினால் உயிர் போகும், கட்டடம் முழுக்கக் கணினி நிற்கும். ஆகவேதான் அந்த வேலையை யார் செய்யலாம் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளே வரையறுத்திருக்கின்றன. எரிசக்தி ஆணையம் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. 'ஏ' வகை குறைந்த மின்னழுத்தத்துக்கு, 'பி' வகை உயர் மின்னழுத்தத்துக்கு. இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவரைத் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் பேரங்காடிகளும் தேடுகின்றன. தரவு மையங்கள் இப்போது அந்தப் போட்டியில் சேர்ந்திருக்கின்றன. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. உயர் மின்னழுத்தச் சார்ஜ்மேனுக்கு யாரும் அந்தத் தொகையைச் சொல்லிப் பேச்சே தொடங்க முடியாது.

இதற்குப் போகும் வழி வீட்டு வாசலில்தான் இருக்கிறது. குவாலா பிலா போகும் சாலையில் ஜுவாசே தொழிற்கல்லூரியைப் பேருந்தில் தினமும் கடந்து போகிறோம். ஜெம்போலிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது. போர்ட்டிக்சனிலும் நீலாயிலும் பாலிடெக்னிக்குகள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் மனுச் செய்யலாம். எந்தப் பிரிவுகள் எங்கே இருக்கின்றன, இந்த ஆண்டு எத்தனை இடம் என்பதை நேரே போய்க் கேட்டுவிடுங்கள். கைப்பேசியில் வரும் பகிரிச் செய்தியை நம்பி முடிவெடுக்காதீர்கள். தொழிற்கல்லூரிக்கு மனுச் செய்வது எப்போது? மூன்றாம் படிவத்தில். அதே மூன்றாம் படிவம்!

இனி இன்னொரு படி, மேலே இருக்கும் படி. சில்லு வடிவமைப்பு, மென்பொருள், இணையப் பாதுகாப்பு, தரவு ஆய்வு எல்லாம் அங்கே வரும். உலகத்தில் சில்லுகளைச் சோதித்து உறையிடும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. உறையிடுவதோடு நின்றுவிடாமல் வடிவமைக்கவும் வேண்டும் என்பதற்காக 2024 மே மாதம் அரசு தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை வெளியிட்டது. 25 பில்லியன் ரிங்கிட் ஆதரவு, 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் இலக்கு. அறுபதாயிரம் பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்கு முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டுமென்றால் எஸ்பிஎம்மில் பெரும்பாலும் கூடுதல் கணிதம் இருக்க வேண்டும், பொறியியலுக்கு இயற்பியலும் வேண்டும். இந்தப் பாடங்கள் நான்காம் படிவத்தில் தொடங்குகின்றன. எந்தப் பாடத் தொகுப்பு என்பதை மூன்றாம் படிவத்தின் கடைசியில் முடிவு செய்கிறார்கள். முன்பு அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டே இருந்தன. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 2020-இல் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். இப்போது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த ஸ்டெம் ஏ, ஸ்டெம் பி, ஸ்டெம் சி, பிறகு மனிதவியல் என்று தொகுப்புகள். பெயரைக் கேட்டால் முதல் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். கூடுதல் கணிதம் இல்லாத தொகுப்பை எடுத்துவிட்டு வீட்டில் வந்து "ஸ்டெம் கெடச்சிருச்சும்மா" என்று பிள்ளை சொல்லும். அம்மாவும் சந்தோஷப்படுவாள். இரண்டு ஆண்டு கழித்துப் பொறியியலுக்கு மனுப் போடும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நின்றது. மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022-இல் நின்றது. அந்த ஆண்டுகளில் படித்து வந்த பிள்ளைகளுக்கு எஸ்பிஎம்தான் முதல் பொதுத்தேர்வு. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டிலேயே, "கணக்குல சி வாங்கியிருக்கான், டியூஷன் போடணும்" என்று ஒரு தாளைப் பார்த்தாவது நமக்குத் தெரிந்தது. அந்தத் தாள் போய்விட்டது. தேர்வை எடுத்தது நல்லதா கெட்டதா என்று கல்வியாளர்கள் பேசட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பிலோ முதல் படிவத்திலோ மலாய் மொழிக்குப் பழகவே ஓர் ஆண்டு போராடுகிற பிள்ளை, கணிதத்தில் வழுக்கிக்கொண்டிருப்பதை யார் கவனிப்பது? பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு நாம் போவதே இல்லை. ஷிப்டு வேலை, சிரம்பானிலோ சிங்கப்பூரிலோ வேலை என்று அப்பாவுக்குக் காரணம் இருக்கும். "அங்க போனா மலாயில பேசுவாங்க, எனக்கு என்ன புரியும்" என்று அம்மா நின்றுவிடுவார். புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள் அம்மா. நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பதே ஆசிரியருக்கு ஒரு செய்தி. கூட ஒரு பக்கத்து வீட்டு அக்காவையோ கல்லூரி போகிற மருமகனையோ கூட்டிப் போங்கள். இரண்டே கேள்வி கேட்டால் போதும். "என் பிள்ளை எடுக்கும் தொகுப்பில் கூடுதல் கணிதம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?"

எல்லாப் பிள்ளையும் கூடுதல் கணிதம் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையில் தொழில் இருக்கிற பிள்ளையை அதில் தள்ளி, எஸ்பிஎம்மில் தோற்க வைத்து, தன்னம்பிக்கையையும் உடைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளை ஜுவாசேக்குப் போகட்டும், தலை நிமிர்ந்து போகட்டும். எடுக்கக்கூடிய பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எடுத்து நன்றாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் நமக்குப் பழகிப்போன பயம். "பத்து ஏ எடுத்தாலும் நமக்கு மெட்ரிகுலேஷன் குடுக்க மாட்டான்." இந்தப் பேச்சுக்குப் பின்னால் பல ஆண்டு வலி இருக்கிறது, பொய்யில்லை. இப்போதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 2024 ஜூன் கடைசியில் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்பிஎம்மில் 10ஏ பெற்ற மாணவர் எவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று அறிவித்தார். நெகிரி செம்பிலான் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருப்பது பக்கத்துக் குவாலா பிலாவில். நியாயமான இடங்களுக்கான போராட்டம் தொடரட்டும், நானும் வருகிறேன். கிடைத்திருக்கும் கதவைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு அந்தப் போராட்டம் காரணமாகிவிடக் கூடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்லப் போகிறேன். எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில் தனியார் கல்லூரி முகவர்கள் தோட்டத்துக்கும் தாமானுக்கும் வருவார்கள். இலவச மடிக்கணினி, தங்கும் விடுதி, "பிடிபிடிஎன் கடன் நாங்களே வாங்கித் தரோம்" என்பார்கள். கணக்கில் தேறாத பிள்ளையையும் கணினி டிப்ளோமாவில் சேர்த்துவிடுவார்கள். மூன்று ஆண்டு முடியும். கையில் ஒரு சான்றிதழும் தலையில் கடனும் இருக்கும். பிள்ளை திரும்பி வந்து கடையில் காசாளராக நிற்கும். என் உறவிலேயே ஒரு தங்கைக்கு இது நடந்தது. அவள் படித்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம், அப்படிப்பட்ட இடங்கள் பல இருக்கின்றன. முகவர் வந்தால் மூன்றைக் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு, படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏவின் முழு அங்கீகாரம் இருக்கிறதா? போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், இரண்டு பேருடைய எண்ணைத் தர முடியுமா? பாதியில் விட்டால் கடன் எவ்வளவு? பதில் தடுமாறினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மென்பொருள் வேலையே இருக்காதாமே என்றும் கேட்கிறீர்கள். சாதாரண நிரல் எழுதும் வேலையும் அழைப்பு மைய வேலையும் அடி வாங்கும் என்பதைத்தான் நானும் நினைக்கிறேன். மூன்று மாத வகுப்பில் சேர்ந்து நிரலாளர் ஆகிவிடலாம் என்ற காலம் போய்விட்டது. கணிதம் ஆழமாகத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். பிரேக்கரைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொள்கிறவருக்கும் இருக்கும், ஏனென்றால் அந்தச் செயற்கை நுண்ணறிவே அவர் தரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நடுவில் நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் இந்தத் துறைக்குப் போக முடியாது என்று சில இளம் பெற்றோர் பேசுவது காதில் விழுகிறது. கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்கிறீர்களே, அதற்கு வழி போட்டவர்களில் முன்னால் நிற்பவர் ஒரு மலேசியத் தமிழர், முத்து நெடுமாறன். 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2005-இல் செல்லினம் வந்தது. ஆப்பிள் கணினியில் நாம் படிக்கும் தமிழ் எழுத்துருக்களில் அவர் வரைந்ததும் உண்டு. அவருடைய தந்தை கவிஞர் முரசு நெடுமாறன் கேரித்தீவுத் தோட்டத்துக்காரர். கேரித்தீவும் நம்முடையதைப் போலத் தோட்டம்தானே? மொழி எந்தப் பிள்ளையையும் தடுத்ததில்லை.

தோட்டத்துக்குள் இணையம் பற்றியும் ஒரு சொல். கோவிட் முடக்கக் காலத்தில் சபாவில் ஒரு மாணவி மரத்தில் ஏறித் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. நம் தோட்டங்களிலும் ஆபீஸ் மேட்டில் நின்றால்தான் சமிக்ஞை கிடைத்தது. தோட்டம் தனியார் நிலம். கோபுரம் நடவும் கம்பி இழுக்கவும் கம்பெனி சம்மதிக்க வேண்டும். தனித்தனியாகப் போய் முறையிட்டால் நிர்வாகி தலையாட்டி அனுப்பிவிடுவார். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், தொழிற்சங்கக் கிளை மூன்றும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, அதன் நகலை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும்.

கோயில் நிர்வாகத்தார்களுக்கும், சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நன்றாக இருக்கும் நம் தோட்டத்து முன்னாள் மாணவர்களுக்கும் இனி எழுதுவது.

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கொடுங்கள் என்று கேட்டார். நாள் சம்பளம் வாங்கிய நம் தாத்தாமார்கள் கொடுத்தார்கள். அப்படித்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. பால்காசிலிருந்து அவர்கள் அதைச் செய்தார்கள் என்றால் நம்மால் இதைச் செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு அங்கே அலுவலகம் வைத்து, பிறகு தானே அங்கே போய்க் குடியிருந்தார். அந்த நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்தே பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் கற்றுத் தந்து வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. பட்டம் கேட்பதில்லை. பகாவுக்கு அப்படி ஒரு நிறுவனம் நாளைக்கே வந்துவிடாது. அங்கே நடந்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளை படிக்கும்போதே கையில் காசு கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் மூளை காரணமில்லை. மாதச் சாப்பாட்டுக் காசும் பேருந்துக் காசும்தான் காரணம்.

அதனால் நான் கேட்பது பெரிய மண்டபமோ கணினிக் கூடமோ இல்லை. கணினிக் கூடம் திறந்து ரிப்பன் வெட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் இயந்திரங்கள் தூசு படிந்து கிடக்கும். காசு பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் போகட்டும். கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு இரவு, முதல் படிவத்திலிருந்து மூன்றாம் படிவம் வரைக்கும் கணித வகுப்பு, மலாயிலும் தமிழிலும். நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாதச் செலவுக்குப் பணம் கொடுத்தால் வருவார்கள். தொழிற்கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பேருந்துக் காசும் சாப்பாட்டுக் காசும். சார்ஜ்மேன் தேர்வுக்கு உட்காரும் ஆலைத் தொழிலாளிக்குத் தேர்வுக் கட்டணமும், பயிற்சிக்குப் போகிற நாள்களில் இழக்கும் சம்பளமும். இதை மூன்றாவதாகச் சொன்னாலும் முதல் இடத்தில் வைக்க வேண்டும். முப்பது வயதில் வீட்டுக் கடனோடு நிற்கும் ஒரு தம்பி, ஒரு தேர்வு தேறினால் ஆலையை விட்டுத் தரவு மையத்துக்குப் போகலாம். அவன் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து வளரும்.

திருவிழாவுக்கு வாணவேடிக்கைக்கு ஒதுக்குகிற தொகையில் ஒரு பங்கைக் கேட்பதற்கு நான் தயங்கவில்லை. சாமிக்குக் குறைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். நம் கோயில்களைக் கட்டியவர்களே பிள்ளைகளுக்காகத்தான் கும்பிட்டார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பக்கத்தில் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இன்று இரவு பிள்ளையின் கணிதப் பாடப்புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். எந்த அத்தியாயம் போகிறது, கடைசியாக நடந்த பள்ளித் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, கேட்டாலே போதும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் என்னையோ, உங்கள் தோட்டத்து ஆசிரியர் ஒருவரையோ, அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது பாருங்கள். பிள்ளை மூன்றாம் படிவமாக இருந்தால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவன்
பகாவ், நெகிரி செம்பிலான்